வேலியோரப் பூவும் வீட்டு வரைமேசையும்

காட்டுப்பூ என்று இவ்வத்தியாயம் குறிப்பது அடர்ந்த காட்டில் மட்டும் மலரும் பூவை அன்று. எவரும் விதைக்காமல், எவரும் நீர் ஊற்றாமல் வேலியோரத்திலும் வரப்பிலும் தரிசிலும் காலி மனைகளிலும் தானாக முளைத்துப் பூக்கும் தும்பை, ஆவாரை, நெருஞ்சி, கண்டங்கத்திரி, எருக்கு, விஷ்ணுகிரந்தி, பூளை போன்ற அனைத்தும் இச்சொல்லில் அடங்கும். இவற்றை வீட்டிலிருந்தபடியே நீர்வண்ணத்தில் வரையப் பழக விரும்புவோருக்கு ஓவியப் பாடநூல்கள் முதலில் கோட்டையும் வண்ணக் கலவையையும் கற்பிக்கின்றன. ஆனால் வீட்டில் தொடங்கப்பட்டுப் பாதியில் நின்றுபோகும் படங்களில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் நின்றவை அல்ல. வரைபவர் அடுப்படி வேலையை முடித்துவிட்டு மேசைக்கு வரும்போது பூ மூடிக்கொண்டிருக்கும், அல்லது கோடு முடிந்து வண்ணம் தொடங்கும்போது இதழ் துவண்டிருக்கும். ஆகவே பூவின் நேரத்துக்கு ஏற்ப வீட்டின் நேரத்தைச் சற்று வளைத்துக்கொள்வதே இந்த வேலையின் முதற்பாடம். தூரிகைப் பயிற்சி அதற்கு அடுத்ததுதான்.

பூவின் நேரம், வீட்டின் நேரம்

காலையில் மலர்பவை, பகல் முழுதும் அல்லது பல நாள் நிற்பவை, அந்தியில் மலர்பவை என வேலியோரப் பூக்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். விஷ்ணுகிரந்தியின் சிறு நீலப்பூவும் நெருஞ்சியின் மஞ்சள் பூவும் காலை வெயிலில் விரிந்து பிற்பகலுக்குள் சுருங்கிவிடும். தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்பு உருண்டையும் காலையில் நன்றாக இருந்து மாலைக்குள் பொலிவு இழந்துவிடும். ஆவாரை, எருக்கு, உன்னி ஆகியவை நாள் முழுதும் ஈடுகொடுக்கும். பூளையோ உலர்ந்த பின்னும் உருமாறாது. அந்திமந்தாரையும் ஊமத்தையும் பொழுது சாயும் வேளையில் மலர்பவை.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் (1887–1986) நியூ மெக்சிகோ மாநிலத்தின் அபிக்யூ என்னும் சிற்றூரில் பாழடைந்து கிடந்த மண்வீடு ஒன்றை 1945இல் வாங்கிப் புதுப்பித்து, 1949 முதல் அங்கே நிலையாகக் குடியிருந்தார். தமிழ்நாட்டு ஊமத்தைக்கு நெருங்கிய உறவான வெண்ணிறப் பூ அப்பகுதியில் தானாக முளைப்பது. அதை அவர் பலமுறை வரைந்திருக்கிறார். 1932இல் அவர் வரைந்த அத்தகைய படம் ஒன்று 2014ஆம் ஆண்டு ஏலத்தில் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஊமத்தையைக் குப்பைமேட்டுச் செடி என்று ஒதுக்குவோர் இதைக் கவனிக்கலாம். அந்தப் பூவும் அந்தியில் விரிந்து மறுநாள் வெயில் ஏறியதும் தொய்வதுதான். அதை வரைய விரும்புபவர் மாலை, இரவு, விடியல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வரைவோருக்குப் பெரிய தடையாக இருப்பது காலை ஆறு முதல் ஒன்பது வரையுள்ள நேரம். சமையல், பள்ளி, அலுவலகம் என வீடு பரபரக்கும் அதே வேளையில்தான் சிறு பூக்கள் மிக நன்றாக விரிந்திருக்கும். இதற்கு முழு வேலையையும் காலைக்குள் திணிப்பது தீர்வாகாது. வேலையைத் துண்டாக்குவதே தீர்வு.

1. காலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, விரிந்த பூவின் வண்ணக்குறிப்பையும் (பூவின் ஒவ்வொரு பகுதியின் நிறத்தையும் சிறு கட்டங்களாகத் தாளில் பூசி வைப்பது) முகப்புத் தோற்றத்தின் விரைவு வரைவையும் மட்டும் முடித்துக்கொள்ள வேண்டும்.
2. பகல் ஓய்வில் தண்டு, இலை, மொட்டு ஆகிய எளிதில் உருமாறாத பகுதிகளை அளந்து வரைய வேண்டும்.
3. இரவிலோ மறுநாளிலோ, வண்ணக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் பூசலாம். ஐயம் வந்தால் மறுநாள் காலை அதே செடியில் வேறொரு பூவைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

காலை நேரம் எவ்வகையிலும் வாய்க்காதவர் ஆவாரையிலோ எருக்கிலோ தொடங்குவது நல்லது. விஷ்ணுகிரந்தியில் தொடங்கிப் பூ மூடிக்கொள்வதைக் கண்டு மனம் தளர்ந்து நிறுத்தியவர்கள் பலர்.

மேசைக்கு எந்தச் சன்னல்

ஓவியருக்கு வடக்குச் சன்னலே சிறந்தது என்று ஐரோப்பிய நூல்கள் கூறுவதைப் பலர் அப்படியே பின்பற்றுகின்றனர். வடக்குச் சன்னலில் நேர்வெயில் விழாது, நிழல் நாள் முழுதும் ஒரே பக்கத்தில் நிற்கும் என்பது அதன் காரணம்; ஐரோப்பாவுக்கு இது பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டில் இது ஆண்டு முழுதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிப்பொழுதிலும் கதிரவன் சற்று வடக்கே சாய்ந்திருப்பான். அக்காலத்தில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியே வெயில் சாய்வாக உள்ளே வரும். அம்மாதங்களில் சன்னலில் வெண்ணிறப் பழைய வேட்டித் துணி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிட்டால் ஒளி பரவலாகி நிழல் மென்மையாகும். வண்ணத்துணியைக் கட்டக் கூடாது. நீலத் திரை போட்ட அறையில் மஞ்சள் ஆவாரை பச்சை பாய்ந்ததுபோல் தெரியும்.

வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்தும் இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலப்பக்கத்திலிருந்தும் வரவேண்டும். இல்லையேல் வரையும் கையின் நிழலே கோட்டின் மேல் விழும். தனியறை இல்லாத வீட்டில் திண்ணையோ பால்கனியோ சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையோ போதுமானது. ஆனால் அந்த இடத்தில் வேலையை நாள்தோறும் எடுத்து அடுக்க நேர்ந்தால் கருவிகள் அனைத்தும் ஒரே தட்டிலோ மூடியுள்ள ஒரே பெட்டியிலோ அடங்க வேண்டும், ஏனெனில் எடுத்து வைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும் வேலை இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

*குறிப்பு:* மின்விசிறியை வரையும் பூவுக்கு நேர்மேலே ஓடவிடக் கூடாது. பூ ஓயாமல் அசைவதோடு, இதழிலிருந்து நீர் விரைந்து ஆவியாகிப் பூ சீக்கிரம் வாடும்; தாளிலும் வண்ணம் ஓரங்களில் திட்டுத் திட்டாகக் காயும்.

வேண்டிய கருவிகள்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, அதாவது 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள் ஈரத்தில் அதிகம் நெளியாது. அதிலும் சூடான உருளையால் அழுத்தி வழவழப்பாக்கிய வகை, பூவின் நுண்கோடுகளுக்கு ஏற்றது. சொரசொரப்பான வகை நிலக்காட்சிக்கு அழகு தரும், தும்பையின் இதழ் விளிம்பைச் சிதைக்கும். பயிற்சிக்கு 200 ஜி.எஸ்.எம். போதும். எச்.பி., 2எச் என இரு பென்சில்கள், பிசைந்து உருமாற்றக்கூடிய மென்ரப்பர், கூர்முனையுள்ள வட்டத் தூரிகைகள் (0, 2, 4, 6 எண்கள்), அளவுகோல், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, ஓர் இடுக்கி, பழைய பிளேடு ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடுகிறது.

வண்ணத்தில் ஏழு குழாய்கள் போதும்: எலுமிச்சை மஞ்சள், அடர்மஞ்சள், குயினாக்ரிடோன் ரோஸ், ஓர் ஆரஞ்சுச் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு. பச்சைக் குழாய் இப்பட்டியலில் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. குழாய்ப் பச்சை எல்லா இலைக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிடும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, துளி செம்பழுப்பு சேர்த்தால்தான் ஆவாரையின் சாம்பல் சாயலும் தும்பையின் மங்கிய பச்சையும் தனித்தனியே கிடைக்கும்.

பறிக்கும் முன்

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் அனுமதியின்றிச் செடியையோ பூவையோ எடுப்பது குற்றமாகும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட தாவரமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கடைசியாக 2018இல் பெருமளவில் பூத்த அது அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதை வரைய விரும்புபவர் தாளோடு மலைக்குச் செல்ல வேண்டுமே தவிர, பூவை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தனியார் நிலமாயின் உரிமையாளரைக் கேட்டபின் பறிப்பதே முறை.

வீட்டைச் சுற்றியுள்ள பூக்களிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஓரிடத்தில் பத்துச் செடிக்குக் குறைவாக இருந்தால் பறிக்காமல் அங்கேயே அமர்ந்து வரைவதும், நிறைய இருந்தாலும் ஒரு கிளைக்கு மேல் எடுக்காமலிருப்பதும், வேரோடு பிடுங்காமலிருப்பதும் போதும். உன்னிச்செடிக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அது வெளிநாட்டிலிருந்து வந்து காடுகளை ஆக்கிரமித்துவிட்ட செடி. எவ்வளவு பறித்தாலும் குறையாது.

பறிப்பதிலிருந்து மேசைவரை

1. முழங்கால்வரை மூடும் உடையும் காலணியும் அணிந்து, கையில் ஒரு கம்புடன் செல்ல வேண்டும். புதருக்குள் கையை விடுமுன் கம்பால் தட்டிப் பார்ப்பது கட்டாயம். கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் வேலியடியிலும் கற்குவியலிலும் தங்குபவை. பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சுவதோ, வெட்டுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
2. பறிக்கும் முன் செடி நிற்கும் நிலையைச் சிறு குறிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்: தரையில் படர்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா, பூ எத்திசையை நோக்குகிறது, பக்கத்தில் என்ன வளர்கிறது. வீட்டுக்கு வந்தபின் இவற்றை நினைவிலிருந்து எடுப்பது எளிதன்று.
3. வெயில் ஏறுமுன், கூரிய பிளேடால் தண்டைச் சாய்வாக வெட்ட வேண்டும். ஒரு விரிந்த பூ, ஒரு பாதி விரிந்த பூ, மொட்டு, காய், குறைந்தது மூன்று இலை ஆகியவை அக்கிளையில் இருக்குமாறு தேர்ந்தால் ஒரே படத்தில் செடியின் வாழ்க்கை முழுதும் அடங்கும்.
4. ஈரத்துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் கிளையைக் கிடத்தி மூடிக் கொண்டுவர வேண்டும். தாவரவியலாளர் முன்பு தகரப்பெட்டி கொண்டு சென்றதும் இதே காரணத்துக்காகத்தான். மூடிய பெட்டிக்குள் காற்று ஈரமாக இருப்பதால் வாடுவது தள்ளிப்போகிறது.
5. வீட்டில், தண்டின் நுனியை நீருக்குள் வைத்தபடியே மீண்டும் ஒரு சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். காற்றில் வெட்டினால் நீர் ஏறும் நுண்குழாயில் காற்றுக்குமிழி அடைத்து, நீரில் வைத்தும் பூ வாடிவிடும்.
6. பத்து நிமிடம் நிழலில் விட்டபின் எறும்பும் சிறு பூச்சிகளும் வெளியேறிவிடும். அதன் பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

தும்பையைப் பறிப்பதற்குத் தனிக் கவனம் தேவை. அதன் பூ புல்லிவட்டத்துக்குள், அதாவது பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்துக்குள், செருகியிருப்பதுபோல் மட்டுமே நிற்கிறது. தண்டை லேசாகத் தட்டினாலே உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று கிளைகளாக எடுத்து வருவது பாதுகாப்பு.

ஆவாரை ஒரு கிளை: வரையும் வரிசை

தொடக்கப் பயிற்சிக்கு ஆவாரை மிகப் பொருத்தமானது: எளிதில் கிடைக்கும், முள்ளோ பாலோ இல்லாதது, நீரில் வைத்தால் தாங்கக்கூடியது. பொங்கலுக்குமுன் வீட்டு வாசலில் பூளையும் வேப்பிலையும் ஆவாரையும் சேர்த்துக் காப்புக் கட்டும் ஊர்களில் அப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

1. எண்ணுதல். பென்சிலைத் தொடுமுன் கைவில்லையால் பார்த்து எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆவாரைக்கு இதழ் ஐந்து. ஐந்தும் ஒரே அளவினதல்ல, விளிம்பில் மெல்லிய சுருக்கம் உண்டு. மகரந்தத் தாள் பத்து. அவற்றில் மேற்புறம் உள்ள மூன்றும் சிறியவை, மகரந்தம் தராதவை. கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இணையிணையாக அமைந்த இலை. இணைகளுக்கு நடுவே காம்பின் மேல் நிற்கும் சிறு சுரப்பியைக் கைவில்லை காட்டும். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருபுறமும் காது மடல் போன்ற அகன்ற இலையடிச்செதில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு வரைந்த ஆவாரை, வேறு ஏதோ ஒரு மஞ்சள்பூச் செடியாகிவிடும்.
2. அளத்தல். பூவின் அகலம், நீண்ட சிற்றிலையின் நீளம், தண்டின் பருமன் ஆகிய மூன்றையும் அளந்து தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். இயன்றவரை உண்மை அளவிலேயே வரைவது நல்லது. சிறியதாக்கினால் நுணுக்கம் தொலையும்.
3. வண்ணக்குறிப்பு. தனித் துண்டுத் தாளில் இதழின் ஒளிபட்ட பகுதி, நிழல்பட்ட பகுதி, இதழ் நரம்பு, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டு, பழைய காய் என ஏழெட்டுக் கட்டங்கள் பூச வேண்டும். எந்த இரு வண்ணங்களைக் கலந்தது என்பதையும் கீழே எழுதவேண்டும். எழுதாத கலவையை மறுநாள் மீட்பது கடினம்.
4. பூ முதலில். விரைவில் மாறுவதை முதலில் வரைய வேண்டும் என்பதால் பூ, பாதி விரிந்த பூ, மொட்டு, இலை, தண்டு, காய் என்ற வரிசையில் 2எச் பென்சிலால் மெல்லிய கோடு போட வேண்டும். இதழை வரையுமுன் பூவின் நடுவையும் ஒவ்வொரு இதழின் நடுநரம்பையும் இட்டுக்கொண்டால், பக்கவாட்டில் திரும்பிய பூவின் இதழ்களும் ஒரே மையத்திலிருந்து கிளம்பும்.
5. இலையில் பொறுமை. சிற்றிலைகளை எண்ணாமல் குத்துமதிப்பாக அடுக்குவது பொதுவான தவறு. காம்பை முதலில் வளைகோடாக இட்டு, இணைகள் சேரும் புள்ளிகளைக் குறித்து, பின் ஒவ்வொரு சிற்றிலையையும் அப்புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் மேலுள்ளதை முழுதாகவும் கீழுள்ளதைப் பாதியாகவும் வரையவேண்டும்.
6. முதற்பூச்சு. இதழுக்குள் மட்டும் சுத்தமான நீரைத் தடவி, அது பளபளப்பு இழந்து மங்கும் தறுவாயில் நீர்த்த அடர்மஞ்சளைத் தொட வேண்டும். ஈரத்தின் மேல் ஈரம் என்னும் இம்முறையில் வண்ணம் தானே பரவிக் கோடில்லாத மாற்றத்தைத் தரும். நீர் குளமாக நிற்கும்போது தொட்டால் திட்டு விழும்.
7. காயவிடுதல். புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தாள் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களே ஒரு பூவைக் கெடுத்துத் தாளையே கிழித்தெறிவோர்.
8. நிழலும் நரம்பும். மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அழுக்குப் பச்சை வரும். மஞ்சளோடு துளி செம்பழுப்பும், மிக ஆழமான மடிப்பில் மட்டும் இம்மியளவு ஊதாவும் போதும். ஆரஞ்சு சாயலுள்ள நரம்புகளை 0 எண் தூரிகையின் நுனியால், ஏறக்குறைய உலர்ந்த வண்ணத்தோடு இழுக்க வேண்டும்.
9. எங்கே நிறுத்துவது. ஒரு பூ, ஒரு கூட்டிலை, ஒரு காய் ஆகியவற்றை முழுமையாக வண்ணமிட்டு மீதியைக் கோட்டிலேயே விடுவது தாவர ஓவியத்தில் ஏற்கப்பட்ட முறை. இதைக் குறையாக எண்ணத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் ஒயிட் என்னும் தாவரவியல் அறிஞருக்காக ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்த படங்கள் அச்சேறியபோது, 1853இல் நிறைவடைந்த ஆறு தொகுதி நூலின் 2,101 படங்களில் பெரும்பாலானவை வண்ணமின்றிக் கோட்டோவியங்களாகவே வந்தன. செடியை அடையாளம் காண அக்கோடுகளே போதுமாயிருந்தன. ஒயிட், ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்.

வெள்ளைப் பூவும் நீலப் பூவும்

தும்பையை வரையத் தொடங்குவோர் வெள்ளை வண்ணத்தைத் தேடுகின்றனர். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளே. இதழைப் பூசாமல் விட்டு, அதன் பின்னுள்ள இலைப்பச்சையை இதழின் விளிம்புவரை கொண்டுவந்தால் பூ தானாக எழுந்து நிற்கும். இதழின் மடிப்புக்கு அல்ட்ராமரினும் செம்பழுப்பும் கலந்த மிக நீர்த்த சாம்பல் போதும். அச்சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற ஐயம் எழும் அளவே சரியான அளவு.

சங்குப்பூவின் நீலத்துக்கு அல்ட்ராமரினில் துளி குயினாக்ரிடோன் ரோஸ் சேர்க்க வேண்டும். நடுவிலுள்ள வெளிறிய மஞ்சளை முதலில் பூசிக் காயவிட்டு, நீலத்தை வெளியிலிருந்து உள்நோக்கி இழுத்து மஞ்சளைத் தொடுமுன் நிறுத்த வேண்டும், ஏனெனில் இரண்டும் ஈரமாகக் கலந்தால் பச்சையாகிவிடும். கைப்பேசியில் எடுத்த படத்தை நம்பி நீலத்தையும் ஊதாவையும் பூசுவது பெருந்தவறு. இவ்விரு நிறங்களையும் கைப்பேசிகள் பெரும்பாலும் மாற்றியே காட்டும். கிளையின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ள மட்டும் ஒளிப்படம் பயன்படட்டும்.

சங்குப்பூச் சாற்றையே வண்ணமாகப் பூசலாம் என்ற யோசனை பலருக்குத் தோன்றும். குழந்தைகளின் விளையாட்டுக்கு அது நன்று. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு பட்டதும் நீலம் ஊதாவாவது வேடிக்கையாகவும் இருக்கும். ஆனால் பூச்சாற்று நிறங்கள் ஒளியில் விரைவில் வெளுத்துவிடுபவை. வைத்துக்கொள்ள விரும்பும் படத்தில் அவற்றுக்கு இடமில்லை. கடைக்குழாயிலும் அலிசரின் கிரிம்சன், ஓபரா ரோஸ் ஆகியவை ஒளிக்குத் தாங்காதவை என்பதால்தான் மேலே குயினாக்ரிடோன் சொல்லப்பட்டது.

நச்சுப்பூ வீட்டுக்குள் வரும்போது

வரைவதற்கு அழகான பூக்களில் பல நச்சுச் செடிகளைச் சேர்ந்தவை. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் பின்வருவன கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்.

- எருக்கு: பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதித்துப் பார்வையை மங்கச் செய்யும், தொடக்கத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம் என்பதால் அலட்சியம் கூடாது. கண்ணைச் சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெட்டிய நுனியைச் சில நொடி வெந்நீரில் அமிழ்த்தினால் பால் கசிவது நிற்கும்.
- ஊமத்தை: எல்லாப் பகுதியும் நஞ்சு. சாறுபட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து, கிட்டப்பார்வை வேலை பல மணி நேரம், சில சமயம் சில நாள், இயலாமல் போகும்.
- செங்காந்தள்: கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, மாநில மலர் என்பதால் பள்ளிப் படத்துக்காக அடிக்கடி வீட்டுக்குள் வருகிறது. பூவை மட்டும் கொண்டுவந்து, வரைந்து முடித்தபின் குப்பைத்தொட்டியின் அடியில் சுற்றிப் போட வேண்டும்.
- பார்த்தீனியம்: தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரக்கூடியது. வரையும் ஆவல் இருந்தால் வீட்டுக்கு வெளியே, கையுறையோடு வரையலாம். ஒவ்வாமை உள்ளவர் தவிர்த்துவிடுவதே நல்லது.

பூவைக் குளிர்பதனப் பெட்டியில் காய்கறித் தட்டில் வைத்தால் மேலும் ஓரிரு நாள் நிற்கும் என்பது உண்மை. மேற்கண்ட நான்கும் ஒருபோதும் அங்கே போகக் கூடாது. தூரிகை கழுவும் நீருக்குக் குடிக்கும் டம்ளரைப் பயன்படுத்துவதும், தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்குவதும் பழைய ஓவியர்களிடமிருந்து வந்த கெட்ட பழக்கங்கள். காட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் கடையில் இன்றும் விற்கப்படுகின்றன.

உலர்த்தலும் சேமிப்பும்

வரைந்து முடித்த கிளையைச் செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையில் விரித்து, மேலும் கீழும் அட்டை வைத்து, கனமான நூல்களையோ அம்மிக் குழவியையோ பாரமாக ஏற்ற வேண்டும். முதல் நான்கு நாளும் செய்தித்தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். பெரும்பாலானவர் தவறுவது இங்கேதான், ஈரத்தாளிலேயே விட்ட இலை கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு வாரத்தில் உலர்ந்த கிளையை, தேதி, இடம், ஊர்ப்பெயர் எழுதிய தாளில் நூலால் கட்டியோ ஒட்டியோ படத்தோடு வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் நரம்பின் அமைப்பில் ஐயம் வரும்போது பார்க்க உதவும். நிறத்துக்கு அதை நம்பக் கூடாது.

தமிழ்நாட்டு வீட்டில் படத்துக்கு மூன்று பகைகள் உண்டு. முதலாவது எறும்பு: நீர்வண்ணத்தில் சேர்க்கப்படும் பிசின், சில வகைகளில் தேன் ஆகியவை அதை இழுக்கும்; வண்ணத்தட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் குழிகளில் எறும்பு மொய்த்திருக்கும். தட்டை மூடியுள்ள டப்பாவில் வைப்பதே எளிய வழி. இரண்டாவது இராமபாணப் பூச்சி. தாளின் மேற்பசையை அரிக்கும் இது இருட்டான, ஈரம் கோத்த அலமாரியில் பெருகும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரம். அப்போது முதற்பூச்சு காய ஒரு மணி நேரமும் ஆகலாம்; கத்திரி வெயிலில் அதே பூச்சு இரண்டு நிமிடத்தில் காய்ந்து விளிம்புக்கோடு விழும். கோடையில் தாளை இருமுறை நனைத்துக்கொள்வதும் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு பூச்சு என்று நிதானிப்பதும் போதும். முடிந்த படங்களை, அமிலமில்லாத மெல்லிய தாள் இடையிட்டு, தரையில் படாத தகரப்பெட்டியில் தட்டையாக அடுக்கி, மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் விரித்து, பூச்சி அரித்த தாளைப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.